நேர்ந்துவிட்ட கால்

ஹில்டாவின் இடது முட்டி அந்த வருஷம் ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேர் வாங்கிவிட்டது. தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு நிற்கிற பெண்கள் அவளைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, நேரே முட்டியைத்தான் பார்ப்பார்கள். வீக்கம் வடிந்ததா, நல்லெண்ணெய் போட்டாயா, எருக்க இலை வைத்துக் கட்டினாயா என்று ஆளுக்கு ஒரு வைத்தியம். எல்லாவற்றுக்கும் தலையாட்டித் தலையாட்டி அவளுக்குக் கழுத்தும் வலிக்க ஆரம்பித்திருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஜனவரியில் அந்த முட்டி போனது. வேலப்பன்சாவடி பக்கம் ஹைவேயில் விடியற்காலை சைக்கிள் பயிற்சி. குறுக்கே வந்த எருமைக்கு ஒதுங்கப் போய், மண்ணில் சக்கரம் சறுக்கி, கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் திரும்பிவிட்டது. எலும்பு உடையவில்லை. ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். எலும்பாக இருந்திருந்தால் தேவலை, ஒட்டிக்கொள்ளும். ஜவ்வு என்பது மாமியார் மாதிரி, சமாதானமான மாதிரி இருக்கும், எப்போது முறுக்கிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது என்று அவர் சொன்ன வேடிக்கைக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்புறம் பயிற்சி.

ஹில்டா பழகியது டிரையத்லான். முதலில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், கரையேறி ஈரத்தோடு நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், அதைப் போட்டுவிட்டு இறங்கினதும் பத்து கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் உட்காருகிற பேச்சே கிடையாது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா இதன் பேரைக் கேட்டுவிட்டு, பேரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறதே, இதை ஒரு பெண்பிள்ளை வேறு செய்ய வேண்டுமா என்றாள். நீச்சலுக்கு வெள்ளானூரில் பால் ஊற்றுகிற நாகம்மாவின் பம்ப்செட் கிணறு. சைக்கிள், கண்டோன்மெண்டில் யாரோ மாற்றலாகிப் போகும்போது விற்றது. கால் ஷூ மட்டும் அசல். குவைத்தில் இருக்கும் பெரியம்மா மகன் கொண்டுவந்து கொடுத்தது. நீலமும் வெள்ளையுமாக, கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஓடாத நேரத்தில் ஹில்டா அதைத் துணி சுற்றி அலமாரியில் வைப்பாள். அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை இல்லை.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு கடற்கரையில் மாநிலப் போட்டி. பெண்களில் முதல் இரண்டு இடத்துக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசாங்க வேலைக்கு வாய்ப்பு. இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். ஹில்டாவுக்கு டிசம்பரில் இருபத்தைந்து முடிகிறது. ஆக இந்த அக்டோபர் விட்டால் இன்னொரு அக்டோபர் கிடையாது. அதற்கப்புறம் அவளை எந்தப் பேக்கரியின் கல்லாவிலாவது உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான்.

மாவுக்கட்டு பிரித்த நாளிலிருந்து வீட்டில் ஒரே எண்ணிக்கைதான். அப்பா ஆரோக்கியசாமியின் பழைய காக்கி பேண்ட்டில் ஒரு காலை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு பக்கமும் தைத்து, அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி இறக்க வேண்டும். ஒரு வேளைக்கு முப்பது, மூன்று முறை. காலை மாலை இரண்டு வேளையும். அதே நேரத்தில் அம்மா ரோஸி அதே கூடத்தில் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு ஜெபமாலை உருட்டுவாள். இவள் பதினேழு என்று முனகினால் அவள் எட்டாவது மணியை விட்டுவிடுவாள். அவள் 'அருள் நிறைந்த மரியே' என்று குரலை உயர்த்தினால் இவள் இருபத்திரண்டா இருபத்துமூன்றா என்று தடுமாறுவாள். கூடம் அவ்வளவுதான் இருந்தது, என்ன செய்வது.

ரோஸி பூந்தமல்லிக் கரையான்சாவடிக்காரி. ஐம்பது வயதில் ஒரு நரை கிடையாது. அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. ஞாயிறு பூசைக்கு முன்னால் அதை வாரிக் கொண்டை போட முக்கால் மணி நேரம். வாயைத் திறந்தால் குவார்ட்டர்ஸ் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். ஆனால் புதனுக்கும் ஞாயிற்றுக்கும் ஆட்டுக்கால் வாங்கிவந்து, ரோமம் பொசுக்கி, மிளகு தட்டிப் போட்டு, ஆறு மணி நேரம் அடுப்பில் வைத்து சூப்பு எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். கால் போன இடத்துக்குக் கால்தான் மருந்து என்பது அவள் சித்தாந்தம்.

ஜூலையில் ஒருநாள் ஹில்டா மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தாள். முட்டி வீங்கவில்லை. அன்றைக்குத்தான் ரோஸி விஷயத்தை வெளியே விட்டாள்.

ஜனவரியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், வேளாங்கண்ணி மாதாவுக்கு அவள் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். என் பிள்ளை கால் தேறிவிட்டால் அதே காலோடு அவளை உன் திருவிழாவுக்கு நடத்தியே கூட்டிவருகிறேன் என்று. ஆவடியிலிருந்து வேளாங்கண்ணிக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வருஷா வருஷம் காவி கட்டிக்கொண்டு பங்குக் கோயிலிலிருந்து ஒரு கூட்டம் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி கிளம்பும்; கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும். அந்தக் கூட்டத்தில் ஹில்டா பேரையும் ரோஸி கொடுத்துவிட்டிருந்தாள். காவித் துணிகூட எடுத்தாகிவிட்டது.

ஹில்டாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் மணல் மூட்டையை அவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"என் கால நேந்துகிறதுக்கு நீ யாரும்மா?"

"பெத்தவடி."

"தார் ரோட்டுல பத்து நாளு நடந்தா இந்த முட்டி இன்னா ஆவும் தெரியுமா? நாலு மாசமா இந்தச் சேர்ல குந்திகினு தூக்கி எறக்கனது அத்தனியும் பூடும். ரேஸு பூடும். வேல பூடும்."

"அவங்க குட்த்த காலு. அவங்களாண்ட போவும்போது ஒடிஞ்சிடுமா? ஒனக்கு நம்பிக்க பத்தாது."

பேச்சு அன்றைக்கு முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. சுருக்கமாகச் சொன்னால், கால் தேற வேண்டும் என்றுதான் வேண்டுதல்; வேண்டுதலைச் செலுத்தினால் கால் போய்விடும். இந்த முடிச்சை அவிழ்க்க அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆரோக்கியசாமி ஃபேக்டரியில் ஃபிட்டர். எந்த மெஷின் எங்கே இறுகியிருக்கிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவில் தட்டை வைத்துக்கொண்டு குழம்பைப் பிசைந்தபடியே இருந்தார். கடைசியில் பெண்டாட்டியைப் பார்த்து, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக இருக்கிறதே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மாதா விஷயத்தில் பிள்ளையாரை ஏன் இழுக்கிறாய் என்று ரோஸி பிடித்துக்கொண்டாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

ஹில்டா பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் நல்ல மனுஷர். இன்னொருத்தர் தலையில் வேண்டுதலைக் கட்ட யாருக்கும் உரிமையில்லை, அது செல்லாது. அம்மா மனசு ஆறவில்லை என்றால் அதற்குப் பதிலாக ஒன்பது சனிக்கிழமை நவநாள் ஜெபம் செய்யட்டும், பத்துப் பேருக்குச் சாப்பாடு போடட்டும் என்று சொல்லியனுப்பினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே கொடுத்தார், ரோஸி கொடுக்கவில்லை. நான் வாக்குக் கொடுத்தது சாமியாருக்கா, மாதாவுக்கா என்று கேட்டுவிட்டு முறத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஹில்டா எட்டு கிலோமீட்டர் ஓடினாள். அன்று சாயங்காலம் முட்டி வீங்கியது. இட்லிப் பானை மூடி மாதிரி வழவழவென்று, சூடாக. டாக்டரிடம் கேட்டால் மூன்றிலிருந்து நேராக எட்டுக்குப் போனால் வீங்காமல் என்ன செய்யும் என்று திட்டியிருப்பார். அவளுக்கும் அது தெரியும். ஆனால் ரோஸி ஐஸ்கட்டி வாங்கிவந்து வைத்துவிட்டு, மாதா படத்தைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதுதான் ஹில்டாவைக் கொன்றது. ஒருவேளை மாதா கோபமோ என்று ஒரு நிமிஷம் தனக்கே தோன்றியதில் அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. முட்டிமேல் எரிச்சல், எருமைமேல் எரிச்சல், அம்மாமேல் எரிச்சல். எல்லாரையும்விடத் தன்மேல்தான் அதிகம். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் ரோஸி பேச்சை நிறுத்திவிட்டாள். ஆட்டுக்கால் சூப்பு மட்டும் புதன் ஞாயிறு தவறாமல் வந்தது. டம்ளரை டொக்கென்று வைக்கிற சத்தத்தில் பாதி ஏச்சு அடங்கியிருக்கும். வீட்டில் பேச்சில்லை, சூப்பு இருந்தது. ஹில்டாவும் வீம்புக்காகக் குடிக்காமல் இருக்கவில்லை, முட்டி முக்கியம்.

பதினேழாம் தேதி ரோஸி, அக்கா மகளுக்குப் பிரசவம், பத்துப் பன்னிரண்டு நாள் கரையான்சாவடியில் இருக்க வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒரு பையோடு கிளம்பிப் போனாள். கோபம் தீர ஒரு இடம் வேண்டும், போகட்டும் என்று ஹில்டா நினைத்தாள். காவிக் கூட்டம் மறுநாள் கிளம்பும்போது, ஒலிபெருக்கியில் மாதா பாட்டு தெருக்கோடி வரை கேட்டது. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காலைத் தூக்கி இறக்கினாள்.

பத்தொன்பதாம் தேதி ஓடலாம் என்று அலமாரியைத் திறந்தால் ஷூ இல்லை. சுற்றிவைத்த துணி மட்டும் மடித்தபடி இருந்தது. கட்டிலடி, பரண், கோழிக்கூடு எல்லாம் தேடினாள். கன்னியம்மா வீட்டு நாயைச் சந்தேகப்பட்டு அதனால் கன்னியம்மாவோடு ஒரு சண்டை. எதிர் வீட்டுப் பையனிடம் ஒரு கேன்வாஸ் ஷூ இரவல் வாங்கி ஓடிப் பார்த்தாள். அரை கிலோமீட்டரில் முட்டி முணுக்கென்றது, நிறுத்திவிட்டாள். போட்டிக்கு ஐம்பது நாள்தான் இருந்தது.

இருபத்தொன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு ஆரோக்கியசாமி நைட் ஷிஃப்ட் முடித்து வந்தபோது ஹில்டா அரிசி டிரம்மைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தேடாத கண்ணு. ஷூ ஒங்கம்மாவாண்ட கீது."

"பெரிம்மா ஊட்டுலயா?"

"கரையான்சாவடி போவல அவ. நட பயணம் போய்கினு கீறா. ஒம்பேருக்குப் பதிலா. இன்னிக்கி மதுராந்தகத்தத் தாண்டிக்கினு இருப்பாங்க."

அம்மாவுக்கு மூட்டுவாதம். மார்க்கெட் போய்வந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். "நீ விட்டியா நைனா?" என்று கேட்டதற்கு அவர், இருபத்தேழு வருஷத்தில் நான் விட்டு எதை அவள் செய்தாள், விடாமல் எதை நிறுத்தினாள் என்றார். கண் சிவந்திருந்தது, ஷிஃப்ட்டினாலா வேறு எதனாலா என்று கேட்கிற நிலையில் ஹில்டா இல்லை.

தண்ணீர் பாட்டில், கிரேப் பேண்டேஜ், நாலு வாழைப்பழம். ஆறரைக்குச் சைக்கிளை எடுத்தாள். பூந்தமல்லி, குன்றத்தூர், பல்லாவரம் வந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்தாள். ஷூவைப் பிடுங்கிக்கொண்டு வரத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்ல வேண்டிய ஏச்சுகளை வரிசையாக அடுக்கினாள். தாம்பரத்தில் ஒன்று, செங்கல்பட்டில் ஒன்று. பாலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அதையும் அம்மா கணக்கில் சேர்த்தாள். வழிநெடுகக் காவிக் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்து முகம் முகமாகப் பார்த்தாள்.

மதுராந்தகம் தாண்டி, பதினொன்றரை மணி வெயிலில், ஒரு புளியமரத்தடியில் ஆவடிக் கூட்டம் இறங்கியிருந்தது. மாதா சுரூபம் வைத்த தள்ளுவண்டி நிழலில் நின்றது. பெரிய அண்டாவில் புளிச்சோறு. எல்லாரும் வரிசையில் நிற்க, ரோஸி மட்டும் மரத்தில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். காவிப் புடவை, வெறுங்கால். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து மண் ஒட்டியிருந்தது. கழுத்தில் ஜெபமாலை, மடியில் ஒரு துணிப்பை. பையிலிருந்து நீல ஷூவின் வாய் தெரிந்தது.

மகளைப் பார்த்ததும் ரோஸி முதலில் பையைத்தான் இறுக்கிப் பிடித்தாள்.

"குடுக்க மாட்டேன். போய் வந்து குடுக்கறேன்."

"போட்டுக்கவாவது எடுத்தாந்தியா? பையில வச்சி சொமந்துகினு போறதுக்கு எதுக்கும்மா என் ஷூ?"

"வேண்டிகினது ஒங்காலு. நா நடந்தா யாருக்கோசரம் நடக்கறேன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்? ஒங்காலு வராட்டி ஒஞ்செருப்பாச்சும் வரட்டும்னு எடுத்தாந்தேன்."

தொண்ணூறு கிலோமீட்டர் அடுக்கிவந்த ஏச்சுகளில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. ஹில்டா சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு அம்மாவின் புடவையை முழங்கால் வரைக்கும் ஏற்றினாள். இடது முட்டி. அதே இடம். இட்லிப் பானை மூடி. ரோட்டோரச் சோடாக் கடையில் ஐஸ் வாங்கிவந்து, துண்டில் சுற்றி, பத்து நிமிஷம் வைத்தாள். அப்புறம் பேண்டேஜை எடுத்து, முட்டிக்கு மேலே இரண்டு சுற்று, கீழே இரண்டு சுற்று, பின்னால் குறுக்கே விட்டு இழுத்துக் கட்டினாள். அந்தக் கட்டு அவள் கைக்குத் தூக்கத்திலும் வரும். கட்டி முடிக்கிறவரை திட்டிக்கொண்டே இருந்தாள். பைத்தியக்காரி என்றாள், பிடிவாதக்காரி என்றாள், பஸ் ஏறு வீட்டுக்குப் போகலாம் என்றாள். ரோஸி வாங்கிக்கொண்டாள். கடைசியில் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இவ்ளோ வலிச்சிதாடி ஒனக்கு?"

"இதவிட."

எட்டு மாதமாகக் குவார்ட்டர்ஸே விசாரித்த முட்டி ஹில்டாவுடையது. வலிக்கிறதா என்று அம்மா கேட்டது இதுதான் முதல் தடவை. ரோஸி முட்டியில் போட்ட கட்டைத் தடவினாள்.

"ஒங்கால நா நேந்துகினது தப்புதான். பெத்தேனே, என்துன்னு நெனச்சிகினேன். அது ஒன்து. ஆனா வாக்கு குட்த்தாச்சே, அத்த யார்னா நடந்துதானே தீக்கணும்."

பஸ்ஸுக்கு அவள் வர மாட்டாள் என்று ஹில்டாவுக்குத் தெரிந்துபோயிற்று. இன்னும் இருநூறுக்குமேல் பாக்கி. பையைப் பிடுங்கினாள். ரோஸி ஐயோ என்று கை நீட்டினாள். ஹில்டா ஷூவை எடுத்து, அம்மாவின் காலைத் தண்ணீர் விட்டுக் கழுவி, தன் துப்பட்டாவில் துடைத்து, கொப்புளத்தில் துணியை வைத்து, ஒவ்வொன்றாக மாட்டினாள். அளவு சரியாகத்தான் இருந்தது.

"செருப்பில்லாம நடக்கறேன்னு வேண்டிகினியா?"

"அப்டிச் சொல்லல."

"அப்பப் போட்டுகினு நட. கழட்டினேன்னு கேள்விப்பட்டேன், அங்கியே வந்து புடுங்கிகினு போவேன்."

லேஸை இரண்டு முடிச்சுப் போட்டாள். காவிப் புடவைக்குக் கீழே நீலமும் வெள்ளையுமாக அசல் குவைத்து ஷூவைப் பார்த்துக் கூட்டத்துப் பெண்கள் சிரித்தார்கள். ரோஸியக்கா ரேஸுக்குப் போகிறாள் என்றாள் ஒருத்தி. ரோஸி எழுந்து நின்று நாலு அடி வைத்துப் பார்த்தாள். பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"நீ ஆவடிலேர்ந்து சைக்கிள்லயா வந்தே? முட்டி?"

ஹில்டா குனிந்து பார்த்தாள். வழியில் ஒரு தடவைகூட அதை நினைக்கவில்லை. வீக்கமில்லை, சூடில்லை. ரோஸி உடனே மாதா வண்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். "நா நடக்கறேன், அவங்க ஒனக்குக் குடுக்கறாங்க பாத்தியா" என்றாள். ஆறு மாதம் மணல் மூட்டை தூக்கியது நான் என்று ஹில்டாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. இந்த ஒரு சண்டையில் மட்டும் இந்த ஜென்மத்தில் ஜெயிக்க முடியாது என்று விழுங்கிக்கொண்டாள்.

புளிச்சோறு தின்றுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள். நாலு மிதி மிதித்திருப்பாள். பின்னாலிருந்து குவார்ட்டர்ஸ் கடைசி வரிசைக்குக் கேட்கிற அந்தக் குரல் வந்தது.

"ஹில்டா! ரேஸுக்கு வேற ஒண்ணு வேண்டிகினு கீறேன்."

பிரேக்கைப் பிடித்தாள். "யாரு காலும்மா இப்ப?"

"காலு இல்ல. முடி."

"யாரு முடி?"

ரோஸி கையைத் தூக்கித் தன் கொண்டையைத் தொட்டாள். மூன்று நாள் தூசியிலும் அது கறுகறுவென்று இருந்தது. "என்துதான். ஒனக்கு வேல கெடச்சா மொட்ட. இந்த வாட்டி ஒன்தத் தொடல."

"ரெண்டாவதா வந்தா பாதி மொட்டையா?" என்றாள் ஹில்டா.

"ரெண்டாவதுக்கும் வேல உண்டுன்னு நீதானே சொன்னே. முழுசுதான்" என்றாள் ரோஸி, வேடிக்கை என்றே தெரியாமல்.

வண்டியை இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டுச் சத்தம் எழுந்தது. கூட்டத்தின் கடைசியில் நீல ஷூ இரண்டும் விந்தி விந்திப் போவதை ஹில்டா பார்த்துக்கொண்டே நின்றாள். இனிமேல் அவளால் தோற்கவும் முடியாது. ஜெயித்து அந்தத் தலையை மொட்டையாகப் பார்க்கவும் மனசு வராது. அம்மா என்றைக்கு ஒரு வேலையைச் சுலபமாகச் செய்யவிட்டாள்?

ஷூ திரும்பி வர இன்னும் பத்து நாளுக்குமேல் ஆகும். வந்தாலும் குதிகால் தேய்ந்துதான் வரும். அதுவரைக்கும் கிணறும் சைக்கிளும்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ஆவடிப் பக்கம் திரும்பி மிதித்தாள்.